பழைய மாணவர் தொடர்பு

கல்லூரி வாழ்க்கை மூன்றாண்டில் முடிவுறுவது. அதன்பின்னர் வாழும் வாழ்க்கையோ, இறைவன் அருள்வானாயின், ஐம்பது ஆண்டிற்கும் மேற்பட்டது. இம்மூன்றாண்டுப் பழக்கம் அவ்வைம்பதாண்டுப் பிரிவைத் தாங்கி நிற்றல் கூடுமோ என்பது நம்போலியர் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கத்தக்க வினாவாகும். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே உயிரொத்த நட்பினராயினர் எனப் புறநானூற்றால் அறிகின்றோம். சோழன் வடக்கிருந்த காலத்து, பாண்டி நாட்டினின்றும் தன் நண்பர் தவறாது வருவார் எனக் கூறி, அவருக்கென ஓரிடத்தை விட்டுவைக்குமாறு பணித்தனன். அவரும் வந்து சேர்ந்தார். காணாதார் நட்பை இங்ஙனம் வியந்து படிக்கும் நாமோ, ஒரே விசிப்பலகையில் தோளோடு தோள் உரச இருந்து அப்பாட்டுக்களைப் பொருள் கூட்டிப் பயின்ற தோழர்களைத் தேர்வு முடிந்த மறுதிங்களே மறந்துவிடுகின்றோம். வாராத நண்பனுக்கு இடம் விட்டுவைத்தல் தனி மனிதர் அன்பால் மட்டும் நிலைபெறுவதன்று. அதற்கெனச் சில ஏற்பாடுகளும், அவற்றைப் பொறுமையோடு நடத்துவார் சிலரும் வேண்டும். அவை எத்தகையன என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய மாணவர் சங்கங்கள் இன்று எல்லா நாட்டிலும் உள. எனினும் அவற்றின் தோற்றத்தையும் நடைமுறையையும் தெளிவுற அறிதற்கு அமெரிக்க நாட்டுக் கல்லூரிகளே ஏற்றவை என யாம் கருதுகின்றோம். அன்றியும், தொன்மை வாய்ந்த அத்தகைய சங்கம் ஒன்று தோன்றிய கல்லூரிக்கும் தமிழ் மக்களுக்கும் பழந்தொடர்பொன்று உண்டு. அதனை முதற்கண் கூறுவோம்.

மசசூசெட்ஸ் மாகாணத்தின் மேற்கெல்லையில், மலைகள் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில், 1793-ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது வில்லியம்ஸ் கல்லூரி. 1806-ஆம் ஆண்டுக் கோடையில் ஒருநாள் அதன் மாணவர் ஐவர் வெளியிடத்தே கூடிச் செபஞ் செய்கையில் இடியுடன் மழை வந்தது. அவர்கள் ஒரு வைக்கோற்போரின் அருகே ஒதுங்கி, ஆசிய நாடுகளுக்கு ஊழியரை அனுப்புதல் பற்றிப் பேசினர். அப்பேச்சினின்றும் எழுந்த முயற்சியே 1810-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் சங்கமாக உருப்பெற்றது. அவ்வைவருள் ஒருவராகிய ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் 1816-ஆம் ஆண்டு இலங்கை போந்து, 1822-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து மண்ணிலேயே உயிர்நீத்தார். அம்மிஷனார் 1823-ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையில் அமைத்த கல்விச்சாலையிற் பயின்றவரே, பின்னாளிற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, 1887-ஆம் ஆண்டு கலித்தொகையை அச்சேற்றித் தந்த சி. வை. தாமோதரம் பிள்ளை. கலித்தொகையைக் கையிலேந்திப் பயிலும் தமிழ் மாணவர்க்கு அவ்வைக்கோற்போர் அத்துணைத் தொலைவில் உள்ளதன்று.

வைக்கோற்போர் என்பது அடுத்த பருவத்தே மறைவது. புல்வெளிகளோ எல்லாம் ஒன்றுபோற் காண்பன. அவ்வைவர் கூடிய இடம் இன்னதென்று துணிந்தது எவ்வாறு எனின், 1854-ஆம் ஆண்டு, ஐவருள் ஒருவரான பைரம் கிரீன் என்பார், எழுபதை அணுகிய முதியவராய்த் தம் கல்லூரிக்கு மீண்டு வந்து, இஃதே அவ்விடம் எனக் காட்டி அடையாளமாக ஒரு முளை நட்டார். 1867-ஆம் ஆண்டு அங்கே, உச்சியில் உலகவுருண்டை ஒன்றைத் தாங்கிய சலவைக்கல் தூண் நிறுவப்பெற்றது. அதன் செலவை ஏற்றவரும் அக்கல்லூரியிற் பயின்ற ஒருவரே. முதியவர் ஒருவர் ஒரு முறை வந்திராவிடின் அத்தூண் எங்கு நின்றிருக்குமோ, அறியோம். பழைய மாணவரைக் கல்லூரிக்கு அழைப்பது விருந்துண்டு படமெடுத்துக் கொள்வதற்கே என்பார் இதனைச் சிறிது எண்ணுவாராக.

அவ்வைவரை ஈன்ற கல்லூரியே பதினைந்தாண்டின் பின் ஒழிந்து போகும் நிலையை எய்தியது. ஊர் மிக ஒதுங்கியிருத்தலின் கல்லூரி தழைத்தல் அரிதெனக் கருதி, அதன் ஆட்சிக் குழுவினர் அதனை நார்தாம்ப்டன் என்னும் ஊருக்குப் பெயர்த்துவிட 1819-ஆம் ஆண்டு துணிந்தனர். மாகாணச் சட்டசபை 1820-ஆம் ஆண்டு அதற்கு இசைய மறுத்தது. 1821-ஆம் ஆண்டு கல்லூரித் தலைவராகிய மூர் என்பார், ஆம்ஹர்ஸ்ட் என்னும் ஊரிற் புதிதாகத் தோன்றிய கல்விச்சாலையின் தலைமையை ஏற்றுச் சென்றார். பதினைவர் அளவினரான மாணவர் அவரைப் பின்தொடர்ந்தனர். போகுங்கால் நூலகத்துப் புத்தகங்களையும் அவர் அள்ளிச் சென்றார் என ஒரு கதை இன்றுவரை வழங்குகின்றது. அதற்குச் சான்று யாதும் இல்லை. எனினும் இருகல்லூரி மாணவரும் அதனை விட்டபாடில்லை. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் பட்டமளிப்பு விழாவிற்கென வந்து கூடிய பழைய மாணவர், தம் கல்லூரியைக் கைவிடாது காத்தற்பொருட்டுத் தமக்குள் ஒரு சங்கம் கண்டனர். இன்றளவும் நடைபெற்றுவரும் பழைய மாணவர் சங்கங்களுள் அதுவே மிகப் பழையது என்பர். பழைய நினைவின் இனிமையினும், கல்லூரியே இல்லாது போய்விடுமோ என்னும் அச்சமே அச்சங்கத்திற்கு வித்தாயிற்று என்பது இங்கு நோக்கத்தக்கது. தாம் பயின்ற இடம் பூட்டிக் கிடத்தலை மனக்கண்ணாற் கண்டவரே அதன்மாட்டுத் தமக்குள்ள கடனை உணர்கின்றனர் போலும்.

நம் நாட்டிற் பழைய மாணவர் என்றால் பெரும்பாலும் ஒரே திரளாக எண்ணுகின்றோம். முப்பதாண்டிற்கு முன் பயின்றாரும் சென்ற ஆண்டு வெளியேறினாரும் ஒரே பந்தலின் கீழ் ஒருவரையொருவர் அறியாது அமர்ந்திருப்பர். அமெரிக்கரோ ஓராண்டில் பட்டம்பெற வேண்டியவர் அனைவரையும் ஒரு வகுப்பெனக் கொண்டு, அவ்வகுப்பை வாழ்நாள் முழுதும் கலையாது போற்றுகின்றனர். ஒவ்வொரு வகுப்பிற்கும் ஒரு செயலாளர் உண்டு. ஊதியம் இல்லாத அவ்வேலையின் கடுமையை நாம் எளிதில் அறியோம். தோழர் ஒவ்வொருவருக்கும் கடிதம் விடுத்து, விடை வாராதார்க்கு மீண்டும் விடுத்து, வந்த விடைகளைத் தொகுத்து, இறந்தார் பெயர்களைக் குறித்து, அவர்தம் மனைவி மக்களுக்கு ஆறுதல் எழுதி, குறித்த காலத்தே இவற்றையெல்லாம் அச்சிற்கு அனுப்புதல் அவர் கடன். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் 1900-ஆம் ஆண்டு தொடங்கிய பழைய மாணவர் இதழில் வகுப்புவாரியாக அச்செய்திகள் வெளிவருகின்றன. (வார இதழ் என்னும் பெயரை அஃது இன்றும் தாங்கி நிற்பினும் வாரந்தோறும் வருவது நின்று பல்லாண்டுகள் ஆயின.) ஹார்வர்டிலோ ஐந்தாண்டிற்கொருமுறை ஒவ்வொரு வகுப்பாரும் தத்தம் வரலாற்றைத் தாமே எழுதி ஒரு நூலாக்குவர். இருபத்தைந்தாம் ஆண்டு வெளிவருவது சிவப்புப் புத்தகம் என வழங்கப்பெறும் பெருநூல்.

இத்தகைய நூல்களில் எம் உள்ளத்தைக் கவர்வன நீதிபதிகளும் மருத்துவரும் எழுதிய பக்கங்கள் அல்ல. முகவரி அறியப்படாதார் என ஒரு பட்டியலும் அவற்றுட் காணப்படும். நல்வாழ்வு பெற்றார் எழுதத் தயங்கார். வேலை இழந்தாரும், மணவாழ்வு முறிந்தாரும், தம் வாழ்க்கை எழுதத் தகுந்ததன்று எனத் தாமே தீர்ப்பளித்துக் கொண்டாருமே மெல்ல மெல்ல விடையெழுதாது நின்று, ஈற்றில் அப்பட்டியலிற் போய்ச் சேர்கின்றனர். தொடர்பு அவர்க்கே மிகவும் வேண்டப்படுவது. அவர்களையே அது முதலில் இழக்கின்றது. பழைய மாணவர் தொடர்பின் முழுத் துன்பமும் இவ்வொரு செய்தியில் அடங்கும் என்போம்.

இதற்கு மாறாக நடந்தார் ஒருவர் உளர். ஹார்வர்டில் 1837-ஆம் ஆண்டு பட்டம் பெற்ற தோரோ என்பாரை நம் மாணவர் அறிவர். காந்தியடிகள் மதித்துப் பயின்ற, அரசின் அநீதிக்கு ஒத்துழையாமை பற்றிய கட்டுரையை 1849-ஆம் ஆண்டு வெளியிட்டவர். பத்தாண்டு கழித்து 1847-ஆம் ஆண்டு வகுப்புச் செயலாளர் அனைவரிடமும் அவரவர் நிலையை வினவியபோது, தோரோ உலகத்தார் கூறும் வெற்றி எதனையும் எய்தினாரல்லர். வால்டன் குளக்கரையில் தாமே கட்டிய குடிலில் ஈராண்டுக்கு மேல் வாழ்ந்து, அதனை விட்டு வந்த புதிது. அவரோ நாணி ஒதுங்காது விடை எழுதினார். தம் தொழில் ஒன்றன்று, பலவென்று கூறி, ஆசிரியர், நில அளவையாளர், தோட்டக்காரர், உழவர், வீட்டுக்கு வண்ணம் பூசுவோர், தச்சர், கொற்றர், கூலியாள், பென்சில் செய்வோர், எழுத்தாளர் என அடுக்கிச் சென்றார். தம்மை இரங்கி உதவத்தக்கவராக வகுப்பினர் கருத வேண்டா என்றும், அவருள் எவரேனும் பொருள் முட்டுப்பாடு உற்றுத் தமக்கு அறிவிப்பாராயின் பொருளினும் மேலான அறிவுரை ஒன்று தாம் தருவதாகவும் குறும்பாக முடித்தார். அக்கடிதம் இன்றும் படிக்கப்படுகின்றது. பதவி உயர்வு கூறி எழுதிய அவர் தோழர் கடிதங்களை யாவர் படிக்கின்றனர்?

இன்னொரு செய்தியும் இங்கே கூறற்பாலது. பிரின்ஸ்டன் வகுப்பினர் எனப்படுவார் பட்டம் பெற்றார் மட்டும் அல்லர். உடன் சேர்ந்து படித்து இடையில் நின்றாரும் அவ்வகுப்பினரே. நாவலாசிரியர் ஸ்காட் பிட்ஸ்ஜெரால்டு பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டவர். எனினும் 1917-ஆம் ஆண்டு வகுப்பினராகவே எண்ணப்படுகின்றார். அவர்க்கும் பழைய மாணவர் இதழ் சென்றது. 1940-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், நூல்கள் விலைபோகாது புகழ் மங்கிய நிலையில், நாற்பத்து நான்கு வயதில் அவர் மாரடைப்பால் இறந்தபோது படித்துக் கொண்டிருந்தது அவ்விதழையே. கல்லூரிக் கால்பந்துக் குழுவைப்பற்றிய கட்டுரையின் ஓரத்தில் குறிப்பெழுதிக் கொண்டிருந்தாராம். பட்டம் பெறாதவர் என்று அவர் பெயரை எவரேனும் பட்டியலினின்றும் அடித்திருந்தால் அவ்வோரக் குறிப்பு இல்லை.

இனிக் கூட்டங்கள். ஐந்தாண்டிற்கொருமுறை ஒவ்வொரு வகுப்பும் சிறப்பாகக் கூடுதல் பொது வழக்கம். பிரின்ஸ்டனில் ஆண்டுதோறும் மே மாத இறுதியில் நிகழும் ஊர்வலம் பேர்போனது. வெளியேறி இருபத்தைந்தாண்டு ஆன வகுப்பு முன்செல்ல, அதன்பின் மிக மூத்தோர், அவர்பின் அவரினும் இளையோர் என வகுப்பு வகுப்பாக, ஆரஞ்சும் கருமையுமான உடையணிந்து செல்வர். இளைய வகுப்பினர் வழியின் இருமருங்கும் நின்று மூத்தோரை ஆர்ப்பரித்து வாழ்த்தித் தம் முறை வந்தவுடன் பின்னே சேர்ந்துகொள்வர். பட்டம் பெறவிருக்கும் மாணவர் கடைசிவரை நின்று, எல்லாத் தலைமுறையும் தம்மைக் கடந்து போவதைக் கண்ட பின்னரே நடக்கத் தொடங்குவர். வந்தாருள் மிகப் பழைய வகுப்பைச் சேர்ந்த மூத்தவர்க்கு, 1923-ஆம் ஆண்டு வகுப்பார் வழங்கிய வெள்ளிப்பிடியிட்ட கைத்தடி ஏந்தும் பெருமை அளிக்கப்படும். கொள்ளைநோய் காரணமாக 2020, 2021 ஆகிய ஈராண்டும் அவ்வூர்வலம் தெருவில் நிகழவில்லை. இக்கூட்டங்களோடு பணந்திரட்டலும் சேர்ந்து வருவது உண்மையே. யேல் பல்கலைக்கழகத்தார் 1890-ஆம் ஆண்டே பழைய மாணவர் நிதியொன்றைத் தொடங்கினர். அதனை யாம் பழித்துரையோம். ஏழை மாணவர் பலர் அத்தகைய நிதியாற் படிக்கின்றனர். ஆனால் ஆண்டில் ஒரே கடிதம் வந்து, அதுவும் நன்கொடை வேண்டிய கடிதமாயின், பெறுவார் உள்ளம் எங்ஙனம் இருக்கும் என்பதைச் சங்கத்தார் அறிதல் நன்று.

ஊர்வலத்தினும் சிறுகூட்டமே நட்பை வளர்ப்பது என்பதற்கு ஹார்வர்டின் 1829-ஆம் ஆண்டு வகுப்பு சான்றாகும். அவ்வகுப்பினராகிய ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், பிரசவக் காய்ச்சல் மருத்துவர் கையாலேயே பரவுகின்றது என 1843-ஆம் ஆண்டு எடுத்துக்காட்டிய மருத்துவர், புலவரும் ஆவர். தம் வகுப்பின் ஆண்டு விருந்திற்கென 1851 முதல் 1889 வரை பாட்டெழுதி வந்தார். ஐம்பது வயதை எட்டிய தோழரைப் பையன்கள் என்றே அழைத்து 1859-ஆம் ஆண்டு அவர் எழுதிய பாட்டு நாடெங்கும் பரவியது. ஆண்டுகள் செல்லச் செல்ல மேசையில் இடங்கள் வெறுமையாயின. 1890-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்துப் பார்க்கர் விடுதிக்கு வந்தவர் மூவரே: ஹோம்ஸ், அமெரிக்க நாட்டுப் பாடலை இயற்றிய போதகர் ஸ்மித், அடிமை ஒழிப்புக்கு உழைத்த சாமுவேல் மே. அன்று பாட்டு இல்லை என மே எழுதி வைத்துள்ளார். அறுபத்தோராண்டிற்கு முன் ஒருங்கு வெளியேறிய மூன்று கிழவர், பேசுவதற்கும் பெரிதாக யாதுமின்றி, ஆயினும் வந்து கூடினர்.

இவற்றை நம் நிலையோடு ஒப்பிடுங்கால் சில கூறத் தோன்றுகின்றது. நம் நாட்டுக் கல்லூரி மலர்களிற் காணும் பழைய மாணவர் செய்திகள் பெரும்பாலும் நியமனம், திருமணம், வெளிநாட்டுப் பயணம், மறைவு என்னும் நான்கனுள் அடங்குவன. அந்நான்கும் வாய்க்காத தோழர், மறைவு ஒன்றனால் மட்டுமே அச்சேறுவர். இக்காலத்து ஒவ்வொரு வகுப்பிற்கும் கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஆதலின் செயலாளரும் கடிதமும் எதற்கு என வினவுவார் உளர். விடியல்தோறும் மலர்ப்படமும் வணக்கமும் அதிற் குவிகின்றன. பிறந்தநாள் வாழ்த்து நாற்பதின்மரிடமிருந்து ஒரே சொல்லில் வருகின்றது. தமக்கு நேர்ந்ததை நாற்பதின்மர் முன் எவரே எழுதுவர்? ஒருவர்க்கு ஒருவர் எழுதும் கடிதத்திற்கே அத்துணிவு உண்டு. மேலும் அக்குழுவினின்றும் ஒருவர் நள்ளிரவில் விலகிவிடின், மறுநாள் மலர்ப்படங்களுக்கிடையே அதனை உணர்வாரும் இலர்.

மாணவியர் செய்தி தனியே கூறத்தக்கது. கல்லூரிப் பதிவேட்டில் அவர் பெயர் தந்தையாரின் முதலெழுத்தோடும் பிறந்த ஊரோடும் நிற்கின்றது. மணமானபின் முதலெழுத்து மாறும், ஊர் மாறும், தொலைபேசி எண்ணும் மாறும். பதிவேட்டை மட்டும் நம்பித் தேடுவார்க்கு ஐந்தாண்டிற்குள் வகுப்பிற் பாதிப்பேர் மறைந்து போவர். பழைய பெயரையும் புதிய பெயரையும் அடுத்தடுத்து எழுதிவைக்கும் ஒரு சிறு குறிப்பேடு இவ்விழப்பைத் தடுக்க வல்லது. வரும் ஏப்ரலில் வெளியேறவிருக்கும் எம் தமிழ்ச் சிறப்பு வகுப்பினர் அத்தகைய குறிப்பேடு ஒன்றைத் தொடங்கியுள்ளோம். செயலாளராக ஒருவரைத் தெரிந்தெடுத்தோம். ஆண்டிற்கொருமுறை, சனவரித் திங்களில், ஒவ்வொருவரும் அவருக்கு ஒரு கடிதம் எழுதுவதெனவும், எழுதாதார்க்கு அவர் மும்முறை எழுதுவதெனவும் முடிவு செய்துள்ளோம். பதவி ஊதியம் இவற்றைக் குறிப்பிடுதல் கட்டாயமில்லை.

முதலாண்டில் எம்மோடு சேர்ந்து, யாப்பில் எம்மெல்லாரினும் வல்லவராய் விளங்கி, இரண்டாமாண்டு இடைவிடுமுறைக்குப்பின் கட்டணம் கட்ட இயலாது திரும்பி வாராத தோழர் ஒருவர் உளர். அவர் பெயரையும் அக்குறிப்பேட்டில் அகர வரிசைப்படி உரிய இடத்தில் எழுதியுள்ளோம். பதிவேட்டிற் கண்ட முகவரிக்கு விடுத்த கடிதம், அவ்வீட்டார் குடிபெயர்ந்தனர் என்னும் குறிப்போடு திரும்பி வந்தது. திருப்பூரில் பனியன் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கின்றார் என்பார் சிலர். கோயம்புத்தூர் என்பார் சிலர். அவர் பெயரை இங்கு அச்சிடுதல் அவர் விரும்பாதது ஆகலாம், அறிந்தோர் அறிவர். அவர் இருக்குமிடம் தெரிந்த பழைய மாணவர் எவரேனும் இம்மலரைக் காண நேரின், கல்லூரித் தமிழ்த்துறைக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுவாராக. குறிப்பேட்டில் அவர் பெயருக்கெதிரே முகவரிக்குரிய இரண்டு வரிகள் எழுதாது விடப்பட்டுள்ளன.